ஒட்டுத்துணியில் சுவர்த் தொங்கல்: எந்தக் கட்டம், எந்தத் துணி, உள்ளே எது?

நாலடி அகலம், ஐந்தடி உயரம். துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுத்துணியில் ஒரு தொங்கல் தைக்க வேண்டும் என்று வருகிறவர்களை முதலில் வீட்டுக்குப் போய்ச் சுவரை அளந்துவரச் சொல்வேன். பெரும்பாலும் இந்த அளவுக்குக் கிட்டத்தான் வந்து நிற்கும். அதனால் கீழே வரும் கணக்கெல்லாம் இதற்கே: 48 அங்குலம், 60 அங்குலம். 12 அங்குலக் கட்டம் குறுக்கே நாலு, நெடுக்கே ஐந்து, மொத்தம் இருபது.

குவில்ட் என்ற ஒட்டுத்துணிப் போர்வை குளிர்நாட்டுப் பொருள். மேலே துண்டு துண்டாகப் பொருத்திய துணி, நடுவில் பஞ்சு, பின்னால் ஒரு முழுத்துணி, மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல். படுக்கைக்கு வந்த பொருள் என்பதால், சொல்லித்தருகிற வீடியோக்கள் எல்லாம் சூடு, மென்மை, அடிக்கடி தோய்க்கத் தாங்குமா என்ற மூன்றையும் வைத்தே துணியையும் பஞ்சையும் தரம் பிரிக்கின்றன. மட்டக்களப்பில் மார்கழி மழையிலும் மின்விசிறியை நிறுத்தாமல் படுக்கிறவர்கள் நாங்கள். சுவரில் தொங்கப்போகும் துணிக்கு அந்தக் கேள்விகள் எதற்கு? இங்கே கேட்க வேண்டியவை வேறு. அலையாமல் தட்டையாகத் தொங்குமா? மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்குமா? பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனால், வெளிநாட்டு வீடியோவில் முதலிடம் பெறுகிற பொருள்கள் சில கடைசிக்குப் போய்விடும்.

இன்னொன்று. கட்டம், துணி, நடுத்துணி, தையல் என்று நாலு முடிவு எடுக்க வேண்டும். அவற்றைத் தனித்தனியாக எடுக்க முடியாது. ஒரு துணியைத் தெரிவுசெய்தால் சில கட்டங்கள் தாமாகவே விலகிவிடும். ஒரு கட்டத்தைத் தெரிவுசெய்தால் நடுத்துணியே தேவையில்லாமல் போகவும் கூடும்.

கட்டம்

வழக்கத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான மாதிரிகளில் மூன்றை மட்டும் எடுக்கிறேன். முதல் தொங்கலுக்கு இதற்கு மேல் போக வேண்டாம்.

ஒன்பது சதுரக் கட்டம் எல்லோருக்கும் முதலில் காட்டப்படுவது. நாலங்குலச் சதுரம் ஒன்பது சேர்ந்தால் ஒரு கட்டம். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட வேண்டியிருப்பதால் 4½ அங்குலமாக வெட்ட வேண்டும். இருபது கட்டத்துக்கு 180 சதுரம். 44 அங்குல அகலத் துணியில் எல்லா நிறமும் சேர்த்து இரண்டரை மீற்றர் போதும். வெட்டுவது லேசு, தைப்பது நேர்கோடு. ஆனால் இது லேசான கட்டம் என்று சொல்கிறவர்கள் சந்திப்புகளை எண்ணிப் பார்ப்பதில்லை. குறுக்கே 12 சதுரம், நெடுக்கே 15 என்று வரும்போது நாலு சதுரம் கூடும் புள்ளிகள் 154. அத்தனை இடத்திலும் மூலையோடு மூலை பொருந்த வேண்டும். ஒரு நூல் அளவு விலகினாலும் கண் நேரே அங்கேதான் போகும். தையல் ஓரம் ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். ஒரு தையலில் இரண்டு துணி இருப்பதால் எட்டில் ஒரு அங்குலம் போகும். குறுக்கே பதினொரு தையல். 48 அங்குலம் வர வேண்டிய துணி 46½ அங்குலத்தைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். ஒரு வரிசையைக் காலையிலும் அடுத்ததைக் களைத்துப்போய் இரவிலும் தைத்தால் இரண்டு வரிசையும் ஒரே நீளத்தில் வராது.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது, எந்தக் கட்டத்துக்கும் பொருந்தும். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டிகளை வெட்டிப் பக்கம் பக்கமாகத் தைத்து, அயன் பண்ணி, நடுப்பட்டியை அளந்து பாருங்கள். சரியாக ஓர் அங்குலம் வந்தால் உங்கள் கால் அங்குலம் சரி. வராவிட்டால் மெசினின் பாதத்து ஓரத்தை நம்பாதீர்கள். ஊசி முனையிலிருந்து கால் அங்குலம் அளந்து, ஊசித்தட்டில் பிளாஸ்டரை நாலைந்து மடிப்பு தடிப்பாக ஒட்டிவிடுங்கள். துணி அந்தத் தடுப்பை உரசிக்கொண்டு போகும்.

இரண்டாவது முக்கோணம். இரண்டு நிறச் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு கீறி, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால், பாதி ஒரு நிறம் பாதி மறு நிறமாக இரண்டு சதுரம் கிடைக்கும். ஐந்து அங்குலத்தில் வெட்டித் தைத்து, பிறகு 4½ அங்குலத்துக்குச் சீவிக்கொள்வது பாதுகாப்பு. துணி மூன்று மீற்றருக்குச் சற்று மேல் போகும். மூன்றிலும் பார்வைக்கு விறுவிறுப்பானது இதுதான்: காற்றாடி, நட்சத்திரம், அலை என்று எதையும் அடுக்கலாம். சங்கடம் துணியின் குறுக்கு வெட்டில். நெசவுக்குச் சாய்வாக வெட்டிய ஓரம் இழுபடும். பிளவுஸ் கழுத்துக்குப் பைப்பிங் போட்ட எவருக்கும் அது தெரியும். அங்கே அந்த இழுவை வேண்டும். இங்கே அதுதான் எதிரி. இறுக்கமான பொப்ளினில் சமாளிக்கலாம். தளர்வான நெசவில் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது பட்டிக் கட்டம். அமெரிக்காவில் லொக் கபின் என்பார்கள், 1860களிலேயே அங்கே பெரும் பழக்கத்துக்கு வந்துவிட்டது. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டிகள். மூன்று அங்குல நடுச் சதுரமும் ஒன்றரை அங்குலப் பட்டிகள் மூன்று சுற்றும் வைத்தால் 12 அங்குலம் சரியாக வரும். நடுச் சதுரத்தை 3½ அங்குலமாகவும் பட்டியை 2 அங்குல அகலத்திலும் வெட்டுங்கள். கட்டத்துக்குப் பன்னிரண்டு பட்டி, அவற்றின் நீளம் எல்லாம் சேர்த்து 96 அங்குலம். இருபது கட்டத்துக்கு வெட்டுச் சேதத்தோடு மூன்று மீற்றர் துணி. துண்டுகளை எண்ணினால் 260, ஒன்பது சதுரத்தைவிட அதிகம். ஆனால் கட்டத்துக்குள்ளே மூலையோடு மூலை பொருத்தும் வேலை கிடையாது. பட்டியைத் தைத்துவிட்டு மிச்சமாக நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடலாம். கட்டத்தோடு கட்டம் சேரும் இடங்களில் மட்டும் கவனித்தால் போதும், அவை பன்னிரண்டே புள்ளிகள். 154 எங்கே, 12 எங்கே!

இந்தக் கட்டத்தின் ருசி வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மூலையின் இரண்டு பக்கமும் வெளிர் நிறப் பட்டிகள், எதிர் மூலையின் இரண்டு பக்கமும் கருநிறப் பட்டிகள். தைத்த இருபதையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைத்தால் சாய்வு வரிகள் வரும், வைரம் வரும், மின்னல் வரும். கட்டம் ஒன்றே, படம் பல. எந்தப் படம் என்று தைத்து முடித்த பிறகே முடிவெடுக்கலாம் என்பது தொடங்கப் பயப்படுகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

அந்த வெளிர், கரு வேறுபாட்டைக் கண்ணால் நம்பாதீர்கள். சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறம் என்று வைப்போம், இரண்டும் ஒரே கருமையில் இருந்தால் பத்தடி தள்ளிப் பார்க்கும்போது ஒன்றோடு ஒன்று கலங்கிவிடும். துணிகளைப் பக்கத்தில் வைத்து போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். சாம்பலாக ஒன்றுபோலத் தெரிகிறவை ஒரே பக்கத்துக்குப் போக வேண்டியவை.

மூன்றும் கணிதக் கட்டங்கள் என்பதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு வசதி உண்டு. உயிர் உருவம் எதுவும் இல்லாததால் ஆரையம்பதி வீட்டுச் சுவருக்கும் பொருந்தும், உயிர் உருவம் தொங்கவிட விரும்பாத காத்தான்குடி வீட்டுச் சுவருக்கும் பொருந்தும். விற்பதற்குத் தைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

துணி

கல்முனையிலும் காத்தான்குடியிலும் துணிக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஏறிக் கேட்டால் முதலில் பொப்ளினைத்தான் எடுத்துப் போடுவார்கள். வெற்று நிறங்கள் வேண்டிய மட்டும் கிடைக்கும். நெசவு சீராகவும் இறுக்கமாகவும் இருக்கும். விரலால் அழுத்தினாலே மடிப்பு நிற்கும், நூல் பிரியாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல துணி இல்லை. ஒரே எச்சரிக்கை பொலியெஸ்டர் கலப்பு. கடைக்காரர் சொல்வதைக் கேட்டுவிட்டு, நாலைந்து இழையை உருவி வாசலில் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசமும் தூளாக உதிரும் சாம்பலும் பருத்தி. உருகி, ஆறியதும் கறுப்பு மணி போல இறுகினால் கலப்பு. கலப்புத் துணியில் மடிப்பு நிற்காது, தையல் ஓரம் எழும்பிக்கொண்டே இருக்கும், சூடான அயன் பட்டால் மினுங்கும்.

பொப்ளினில் என் குறை ஒன்றுதான். முடித்துத் தொங்கவிட்டால் சீருடைத் துணி போல அமைதியாக இருக்கும். பக்கத்தில் போய்ப் பார்க்க ஒன்றும் இருக்காது.

கைத்தறி நேர்மாறு. கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் வரும்போது பெரியநீலாவணைக்கு முன்னே மருதமுனை வருகிறது. சாரி, சாறம், பெட்சீற் என்று அந்த ஊர்த் தறித்துணி கிழக்கு முழுவதும் பேர் போனது. ஒட்டுத்துணி வேலைக்கு அதில் என்ன இருக்கிறது என்றால், சாயம் போட்ட நூலில் நெய்வதால் உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற பேதமே இல்லை. பட்டியை எப்படித் திருப்பித் தைத்தாலும் ஒன்றுதான். நெடுக்கே ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடு ஒரு நிறமாக நெய்த துணியில், ஒரு பட்டியை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் வைத்தால் ஒரே துணி வெளிச்சத்துக்கு இரண்டு நிறம் காட்டும். இது அச்சடித்த துணியில் வராது. பட்டிக் கட்டத்தில் பட்டிகள் இயல்பாகவே நெடுக்கும் குறுக்குமாக மாறி மாறி வருவதால், கைத்தறியும் பட்டிக் கட்டமும் ஒன்றுக்கொன்று என்றே பிறந்தவை என்று எனக்குப் படும்.

அதன் கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். நெசவு தளர்வாக இருக்கும், வெட்டிய ஓரம் இழை இழையாகப் பிரியும். பெட்சீற் துணி தடிப்பு, சாரித் துணி மெல்லிசு, இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தைத்தால் மெல்லியது சுருங்கி நிற்கும். ஒரே வகையில் நில்லுங்கள். தோய்க்காத பருத்தி நூற்றுக்கு மூன்று, நாலு சுருங்குவது சாதாரணம். ஐந்தடி நீளத்தில் அது இரண்டங்குலம். ஒரு நிறம் சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் கட்டம் முழுக்கக் கோணிப்போகும். அதனால் வெட்டுமுன் எல்லாத் துணியையும் தோய்த்துக் காயவிட வேண்டும். சிவப்பையும் கறுப்பையும் தனியாக. ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், நிறம் ஏறினால் மறுபடி தோய்க்க வேண்டும். மூன்றாம் தடவையும் நிறம் விட்டால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். உப்புப் போட்டால் நிற்கும், வினாகிரி ஊற்றினால் நிற்கும் என்பார்கள். சரியாகப் பிடிக்காத சாயத்தை வீட்டில் அப்படிப் பிடிக்க வைக்க முடியாது.

தளர்வுக்கு வைத்தியம் கஞ்சி. சோற்றுக் கஞ்சியை வடித்து, நீர்த்துப் போட்டு, பாதி ஈரத்தில் அயன் பண்ணினால் கைத்தறி காகிதம் போல நிற்கும். அடிமட்டத்தை வைத்து நேராக வெட்டலாம். ஆனால் அந்தக் கஞ்சியைத் தொங்கலோடு சுவரில் ஏற்றக்கூடாது. வெள்ளிப்பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் அதுதான் சாப்பாடு. முடித்த தொங்கலை ஒரு தடவை நீரில் போட்டு அலசித்தான் தீர வேண்டும். தொடக்கத்தில் சாயத்தைச் சோதிக்காதவர் அப்போது அழுவார். இந்தத் தோய்த்தல், காய்தல் வேலையெல்லாம் மழையில்லாத, கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு உரியது. வாடை மழை தொடங்கிய பிறகு கைத்தறியைத் தோய்த்துக் கொடியில் போட்டால் மணம் பிடித்துத்தான் வீட்டுக்குள் வரும்.

மூன்றாவது, வீட்டில் இருக்கும் பழைய சாறமும் சாரியும். வாப்பாவின் சாறம், அம்மம்மாவின் வொயில் சாரி என்று ஒரு ஞாபகத்துக்காகத் தைக்கிறவர்களே இதில் அதிகம், அவர்களிடம் வேறு துணி சொல்லிப் பயனில்லை. “என்ன கா, கிழிஞ்ச சாறத்தையும் சுவரில தொங்கவிடப் போறீங்களா?” என்று கேட்கிற பெரியம்மா ஒருவர் எந்த வீட்டிலும் இருப்பார். முடித்துத் தொங்கவிட்ட பிறகு வருகிறவர்களிடம் அந்தச் சாறம் யாருடையது என்று சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். துணியை ஜன்னலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். சாறத்தில் உட்காரும் இடம் தேய்ந்திருக்கும், இடுப்புப் பக்கமும் கரைப் பக்கமும் பலமாக இருக்கும். பலமான இடத்தில் மட்டும் வெட்டுங்கள். நைந்த துணி ஊசி போன துளையிலேயே கிழியும். நைலெக்ஸ், ஜோர்ஜெட் சாரிகளைப் பருத்தியோடு கலக்க வேண்டாம், ஒரே அயன் சூட்டை இரண்டும் தாங்காது.

கார்மன்ட் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளைக் கிலோக் கணக்கில் மலிவாக வாங்கலாம் என்று சொல்வார்கள். அதில் பெரும்பகுதி ரீசேர்ட் துணி, இழுபடும். மலிவாக வாங்கி நாள் முழுக்க உட்கார்ந்து பொறுக்குவதைவிட மூன்று மீற்றர் பொப்ளின் லாபம்.

கைத்தறிக்கும் பழைய துணிக்கும் ஒரே வழிதான் நம்பிக்கையானது: அடித்துணியின் மேல் தைப்பது. 13 அங்குலச் சதுரமாக ஒரு மெல்லிய பருத்தித் துணியை வெட்டி, நடுவில் சதுரத்தை வைத்து, பட்டிகளை ஒவ்வொன்றாக அதன் மேலேயே வைத்துத் தைத்து மடித்துக்கொண்டு போவது. முடிந்ததும் 12½ அங்குலத்துக்குச் சீவிவிட்டால் எல்லாக் கட்டமும் ஒரே அளவு. பட்டி இழுபட்டாலும் அடித்துணி பிடித்து வைத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுக்கும் வெள்ளைச் சீருடைத் துணியின் மிச்சம் பிள்ளை படிக்கிற எந்த வீட்டிலும் இருக்கும், அது அடித்துணிக்கு நன்றாகப் போதும். புதிதாக வாங்கினால் இரண்டரை மீற்றர். பல பேர் சேர்ந்து ஆளுக்கு இரண்டு கட்டம் தைத்துப் பாலர் பாடசாலைக்குக் கொடுக்கிற வேலையென்றால் வேறு யோசனையே வேண்டாம், அடித்துணிப் பட்டிக் கட்டம்தான். ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு மாதிரி. சீவிச் சமப்படுத்த இடம் தருகிற கட்டம் இது மட்டுமே.

நடுவில் எது

இலவம் பஞ்சை முதலில் விலக்கிவிடுவோம். மெத்தைக்கும் தலையணைக்கும் அருமையான பொருள், நெட்டுக்குத்தாகத் தொங்கும் துணிக்குள் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி அடிப்பக்கம் பொதியாகும். சிறு சிறு அறைகளாகத் தைத்தால் நிற்கும்தான், ஆனால் அப்போது தொங்கல் மெத்தை மாதிரிப் புடைத்துக்கொண்டு நிற்கும். ஸ்பொஞ்ச் தாளும் வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளாகிப் பொடியும்.

பொலியெஸ்டர் பஞ்சுத் தாள் குஷன் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. பாரமில்லை, ஈரத்தை உறிஞ்சாது, பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்காது. தைத்த கோடுகள் பள்ளமாகவும் இடைவெளிகள் மேடாகவும் எழும்பித் தெரியும். அந்த மேடு பள்ளம் வேண்டும் என்கிறவர்களுக்கு இதுதான். எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. தடித்த தாளை வைத்தால் தொங்கல் கீழ் ஓரத்தில் சுவரைவிட்டு முன்னால் வளையும். கருநிறத் தளர்வான துணியில் வெள்ளை நார் வெளியே எட்டிப் பார்க்கும். வாங்கினால் இருப்பதில் மெல்லியதை வாங்குங்கள்.

குழந்தைகளுக்குப் போர்த்தும் பிளனல் துணி என் தெரிவு. தட்டையாக இருக்கும். அதன் ரோமம் மேல்துணியையும் பின்துணியையும் பற்றிப் பிடிப்பதால் தைக்கும்போது மூன்றும் நழுவாது. பருத்திப் பிளனலைத் தோய்க்காமல் வைக்காதீர்கள், பொப்ளினைவிட அதிகமாகச் சுருங்கும். ஈரம் இழுக்கும் என்ற குறை உண்மைதான், ஆனால் மெல்லியது என்பதால் ஒரு வெயில் நாளில் காய்ந்துவிடும்.

நடுவில் ஒன்றும் வைக்காமல் விட முடியாதா என்று கேட்கிறவர்களும் உண்டு. முடியும். வெப்பநாட்டு வழக்கமே அதற்குச் சாட்சி: வங்காளத்துக் கந்தா என்பது பழைய சாரிகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டதுதான், பஞ்சே கிடையாது. கொரியாவில் ஒற்றைத் துணியாகவே ஒட்டுப் போட்டு, தையல் ஓரங்களை இரண்டு பக்கமும் மறைத்து, வெளிச்சம் படும் இடத்தில் தொங்கவிடுகிறார்கள். எங்கள் கணக்குக்கு வருவோம். அடித்துணியில் தைத்த பட்டிக் கட்டத்தில் மேல்துணியே இரண்டு அடுக்கு. அதற்குப் பின்னால் ஒரு நல்ல பின்துணி வைத்தால் மூன்று அடுக்கு வந்துவிட்டது. பிளனலையும் வைத்தால் நாலாகி ஊசிக்குத்தான் கஷ்டம். ஆகவே கைத்தறியும் அடித்துணியும் என்று முடிவெடுத்தவர் நடுத்துணிக்குச் செலவழிக்கவே தேவையில்லை. பொப்ளினில் ஒன்பது சதுரமோ முக்கோணமோ தைத்தவர் பிளனல் வாங்கட்டும்.

பின்துணிக்கு ஒரு வார்த்தை. சுற்றிலும் இரண்டங்குலம் கூடுதலாக வேண்டும் என்பதால் 44 அங்குலத் துணியை இணைக்க வேண்டி வரும். பெரிய கட்டில் பெட்சீற் ஒன்று இருந்தால் இணைப்பே இல்லாமல் முடியும்.

கையா, மெசினா

பட்டிகளையும் சதுரங்களையும் இணைப்பது மெசினில். அதில் விவாதமில்லை. காலால் மிதிக்கும் பழைய சிங்கர் மெசின் நேர்தையலுக்கு எந்தப் புது மெசினுக்கும் குறைந்ததில்லை. அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதில்தான் தெரிவு இருக்கிறது.

பொப்ளினும் பிளனலும் என்றால் கைத்தையல் போட்டுப் பாருங்கள். பூத்தையல் போடும் அங்கர் நூலில் இரண்டு மூன்று இழை எடுத்து, நெல்லு நீளத்துக்கு ஓட்டுத் தையல். வெற்று நிறத்தில் அந்தத் தையலே அலங்காரம், பொப்ளினில் நான் சொன்ன குறை அப்போது நீங்கிவிடும். மெசினில் போட்டால் அடுக்குகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போய்ப் பின்பக்கம் மடிப்பு விழும். அதைத் தடுக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டைப்பின் குத்தி, 14ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலை மூன்று மில்லிமீற்றருக்கு நீட்டி, நடுவிலிருந்து வெளியே போகும்படி தைக்க வேண்டும். அடித்துணிக் கட்டத்துக்குக் கையும் வேண்டாம், நீண்ட மெசின் தையலும் வேண்டாம். கட்டங்கள் சேரும் கோடுகளில் மட்டும் மெசினை ஓட்டிவிட்டு, ஒவ்வொரு கட்டத்து நடுவிலும் தடித்த நூலால் ஒரு முடிச்சுப் போட்டால் போதும். அமெரிக்காவின் பழைய பட்டிக் கட்டக் குவில்ட்களில் பலவும் இப்படி முடிச்சுப் போட்டவைதான். யாரும் இழுத்துப் போர்த்தப் போவதில்லை, தன் பாரத்தைத் தான் தாங்கினால் சரி.

தொங்கவிடுவது

மூலைக்கு மூலை ஆணி அடிப்பது, வளையம் தைப்பது, குழாய்ப் பை தைப்பது என்று மூன்று வழி. முதல் இரண்டிலும் பாரம் சில புள்ளிகளில் விழுந்து, இடையில் துணி தொய்யும். பின்பக்கம் மேல் ஓரத்தில் நாலங்குல உயரத்தில் ஒரு பை தைத்து அதற்குள் அலுமினியக் கம்பியை விடுவதே சரி. பை இறுக்கமாக இருந்தால் கம்பியின் புடைப்பு முன்பக்கம் தெரியும், சற்றுத் தொளதொளப்பாக விட வேண்டும். மரக்கம்பும் மூங்கிலும் அழகுதான். கறையானையும் வண்டையும் யோசித்தால் அலுமினியம் மேல்.

எந்தச் சுவர் என்பதில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரின் உள்பக்கம் வாடைக் காலத்தில் ஈரமாகவே இருக்கும், அங்கே தொங்கவிட்டால் பின்துணி முதலில் புள்ளி விழும். இரண்டு அறைக்கு நடுவில் இருக்கும் சுவர் நல்லது. கடல் பக்க ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், காலை வெயில் நேரே விழுந்து நிறத்தைத் தின்னும். சாமி விளக்குக்கும் சாம்பிராணிப் புகைக்கும் எட்டத்தில் இருக்கட்டும். கம்பியின் இரு முனையிலும் ஓர் அங்குலக் கட்டை வைத்துச் சுவரைவிட்டு விலக்கினால் பின்னால் காற்றுப் போகும்.

காற்றுப் போகிற இடத்தில் பல்லியும் போகும். முட்டை இடும், எச்சம் போடும். குளவி மண்கூடு கட்டும். கிழமைக்கு ஒரு தடவை கீழ் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி உதறிவிட வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் கழற்றி ஒரு நாள் நிழற்காற்றில் போட்டு எடுங்கள். பாலர் பாடசாலைக்குக் கொடுத்த தொங்கலாக இருந்தால், மார்கழி விடுமுறைக்குப் பூட்டும் அன்றைக்கே ரீச்சர் ஒருவர் அதைக் கழற்றி, பொலித்தீன் பையில் போடாமல் பழைய பெட்சீற்றில் சுருட்டி, ஆள் நடமாட்டம் உள்ள ஒரு வீட்டில் வைத்திருப்பது நல்லது.